சுங்கை சிப்புட்டில் தற்காப்புக் கலை வகுப்பு: மாஸ்டர் யாரிடம் கற்றார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு பிள்ளை அப்பா | சனி, இரவு 9.40

வணக்கம். சுங்கை சிப்புட், லிந்தாங் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. கைப்பேசியை வாங்கி வைத்தால் வீட்டையே பந்தாடுகிறார்கள். சரி, தற்காப்புக் கலையில் சேர்ப்போம் என்று இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று டவுனில், கடைவீட்டு மாடியில். தெக்குவாண்டோ. ஏர்கோன், தரையில் மெத்தை, சுவர் முழுக்கச் சான்றிதழ். வாசல் பேனரில் ‘7ஆம் டான் கிராண்ட் மாஸ்டர்’ என்று போட்டிருக்கிறது. மாஸ்டரைப் பார்த்தால் முப்பது வயதுகூட இருக்காது. மாதம் 90 வெள்ளி, உடுப்புக்குத் தனிக் காசு.

இன்னொன்று நாங்கள் முன்பு இருந்த தோட்டத்துக் கோவிலுக்குப் பின்னால், கொட்டகையில். சிலம்பம். வாத்தியாருக்கு எழுபதை ஒட்டிய வயது. கூட ஒரு பெண்ணும் ஓர் இளைஞரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுவரில் ஒரு கேலண்டர், மாலை போட்ட பழைய படம் ஒன்று, அவ்வளவுதான். மாதம் 30 வெள்ளி. அதையும் “கையில இருக்கும்போது குடுங்க” என்கிறார்.

மனைவிக்கு மாடி பிடித்திருக்கிறது. அம்மாவுக்குக் கொட்டகை. எந்தக் கலை உசத்தி என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம். சொல்லிக்கொடுப்பவர் உண்மையில் கற்றவரா என்று, ஒன்றும் தெரியாத என்னைப் போன்ற அப்பன் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆள் பெயர், வகுப்புப் பெயர் போடாதீர்கள். சின்ன ஊர், நாளைக்கு பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) முகத்தோடு முகம் பார்க்க வேண்டும்.

டோஜாங் தம்பி | சனி, இரவு 10.15

அண்ணே, அந்த 7ஆம் டானை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். டான் என்பது கறுப்பு பெல்ட்டில் உள்ள படிநிலை. தெக்குவாண்டோவில் உலக அளவில் டான் கொடுக்கும் பெரிய இடம் கொரியாவில் இருக்கும் குக்கிவோன். 1972ல் கட்டியது. அங்கே ஒரு டானிலிருந்து அடுத்த டானுக்குக் காத்திருக்க வேண்டிய காலம் இருக்கிறது. 1லிருந்து 2க்கு ஒரு வருடம், 2லிருந்து 3க்கு இரண்டு, 3லிருந்து 4க்கு மூன்று. இப்படியே போய் 6லிருந்து 7க்கு ஆறு வருடம். ஒன்று முதல் ஆறு வரை கூட்டினால் 21. பதினைந்து வயதில் முதல் டான் வாங்கி, ஒரு தேர்வைக்கூடத் தவற விடாமல் போனாலும் 7ஆம் டான் வரும்போது 36 ஆகிவிடும். முப்பதுக்குள் எப்படி வந்தது?

உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். கௌரவ டான் என்று ஒன்று உண்டு. தனியாக ஒரு சங்கம் தொடங்கி அதில் தனக்கே டான் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. சான்றிதழில் யார் கையெழுத்து, என்ன எண் என்று பாருங்கள். குக்கிவோன் சான்றிதழ் என்றால் எண் இருக்கும், சரிபார்க்க முடியும். ஒழுங்கான மாஸ்டர் கேட்டால் கோபப்பட மாட்டார். என் மாஸ்டர் தானே எடுத்து மேசையில் வைப்பார், போன் பண்ணியும் பார்க்கச் சொல்வார்.

நான் 2ஆம் டான். ஆறு வயதில் சேர்ந்தேன். பிள்ளைகளுக்கு டானுக்குப் பதில் ‘பூம்’ தருவார்கள், பதினைந்து வயதுக்குப் பிறகு அதை டானாக மாற்றிக்கொள்ளலாம். எட்டு வயதுப் பையனுக்கு ‘பிளாக் பெல்ட் 2ஆம் டான்’ என்று போஸ்டர் அடித்தால் அங்கேயும் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பால்மரத்து நிழல் | ஞாயிறு, காலை 6.55

பசியாறுவதற்கு முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் கேட்டால் திட்டுதான்.

கொட்டகையில் சான்றிதழ் இல்லையென்று அந்த வாத்தியாரை ஒதுக்கிவிடாதீர்கள். சிலம்பத்தில் பின்னணி என்றால் ஆசான் பெயர்தான். உங்கள் ஆசான் யார், அவருக்கு ஆசான் யார், எந்தத் தோட்டத்தில், எத்தனை வருடம் என்று கேளுங்கள். உண்மையாகக் கற்றவருக்கு இது நாக்கு நுனியில் இருக்கும். ஆட்டத்துக்கு முன் வணக்கம் வைக்கும் சலாவரிசை எடுக்கும்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு ஆசான் வழிக்கும் சலாம் வைக்கும் முறையில் ஒரு சாடை உண்டு. எங்கள் வழியில் மண்ணைத் தொட்டு எழும்போது இடது கால்தான் முதலில் பின்னால் போகும். வேறு ஊர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “நீங்க இன்னார் வழியா?” என்று என்னைக் கேட்டிருக்கிறார்.

என் தாத்தா கற்றது தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகைக்குப் பின்னால். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பிறகு பால் வெட்டு, மத்தியானம் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து தூங்கி எழுந்தால்தான் கம்பைத் தொடலாம். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊரில், எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று துரைமார்கள் சுடப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. ஊரடங்கு, முள்கம்பி. இருட்டிய பிறகு நாலு பேர் சேர்ந்து நிற்கவே பயந்த காலம், கம்பை எங்கே தூக்குவது? தாத்தாவின் ஆசான் லயத்து வீட்டுக்குள்ளேயே, கம்பு இல்லாமல், வெறும் காலடி மட்டும் சொல்லிக்கொடுத்தாராம். பாட்டி அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்து இடம் விட்டாராம். அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கை சுமார், காலடி சுத்தம்.

இதற்கெல்லாம் சான்றிதழ் யார் தருவது?

ஓய்வு வாத்தியார் | ஞாயிறு, காலை 10.30

நிழல் தம்பி எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் ஆசான் பெயரும் ஒருவகைச் சான்றிதழ்தானே? அதையும் இட்டுக்கட்டிச் சொல்லலாம். முப்பத்து நான்கு வருடம் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தேன். புறப்பாடத்துக்குச் சிலம்பம் சொல்லித்தருகிறேன் என்று வந்தவர்களில் பாதிப் பேர் சோழர் படைத்தளபதி வாரிசு. மீதிப் பேர் பாண்டியர். எல்லோருக்கும் ஐயாயிரம் வருடப் பாரம்பரியம். கம்பைக் கையில் கொடுத்தால் இரண்டு சுற்றில் மூச்சு வாங்கும். ஆசான் செத்துப்போன பிறகு அவர் பெயரைச் சொல்லிப் பிழைப்பது சுலபம். உயிரோடு இருக்கும் ஆசானைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் கூடக் கற்ற ஒருவரையாவது காட்டச் சொல்லுங்கள். கூடக் கற்றவன் பொய் சொல்ல மாட்டான், பழைய பொறாமை கொஞ்சம் இருக்கும்.

டான் பெரிதா, பரம்பரை பெரிதா என்று அடித்துக்கொள்பவர்களுக்கு இன்னொன்று. டான் முறையே அவ்வளவு பழையதில்லை. ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ 1880களில் ஏற்படுத்தியது. கராத்தேயில் ஃபுனாகோஷி முதல் முறையாக டான் கொடுத்தது 1924ல். அவரும் பள்ளிக்கூட வாத்தியார்தான், ஒக்கினாவாவில். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கொரு சின்னப் பெருமை.

நம் நாட்டிலேயே பாருங்கள். 1966ல் கோலாலம்பூரில் கராத்தே புடோகானைத் தொடங்கியவர் சியூ சூ சூட். பல நாடுகளில் கிளை விட்ட அமைப்பு அது. அவருக்குக் கராத்தேயில் முதல் பாடம் யாரிடம்? ஜப்பான்காரன் காலத்தில், இங்கே வந்த ஜப்பானிய இராணுவ அதிகாரி ஒருவரிடம். நம் ஆட்களைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன அதே படை. போர் முடிந்து பல வருடம் கழித்து ஜப்பானுக்கும் ஒக்கினாவாவுக்கும் போய் மேற்கொண்டு கற்றார். ‘இவர் பின்னணி என்ன’ என்று 1950ல் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

லிந்தாங் பையன் | ஞாயிறு, மதியம் 12.05

சார், கதையெல்லாம் சரி. அண்ணன் கேட்டது நைன்டி வெள்ளி கொடுக்கலாமா வேண்டாமா என்று. 😄

என் அனுபவம் சொல்கிறேன். வேறு ஊர், வேறு கலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெல்ட் டெஸ்ட். ஒவ்வொரு தடவையும் காசு. மஞ்சளுக்கு முன்னால் மஞ்சளில் கோடு, பச்சைக்கு முன்னால் பச்சையில் கோடு. கோட்டுக்கும் காசு. அம்மா ரப்பர் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்து கட்டினார். இரண்டு வருடம் போனேன், ஒருவனும் டெஸ்டில் ஃபெயிலானதாக ஞாபகம் இல்லை. ஒரே ஒரு தடவை ஒரு பையன் வரவில்லை, அவனுக்கும் பெல்ட் வீட்டுக்குப் போனது. அன்றைக்குத்தான் அம்மா நிறுத்திவிட்டார்.

அதனால் சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்: கறுப்பு பெல்ட் வரை மொத்தம் எவ்வளவு ஆகும்? போன டெஸ்டில் எத்தனை பேர் ஃபெயில்? இரண்டாவது கேள்விக்கு முகத்தைப் பாருங்கள்.

வார்டு நர்ஸ் | ஞாயிறு, இரவு 8.20

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை அழித்துவிட்டேன்.

என் பையன் போன வகுப்பில் (எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன்) ஜோடிப் பயிற்சியில் தலையில் உதை விழுந்தது. விழுந்தவன் எழுந்தான், ஆனால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றான் என்று கூட இருந்த பிள்ளை பிறகு சொன்னது. மாஸ்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, “வீரன் அழ மாட்டான்” என்று மறுபடி வரிசையில் நிறுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவன் வாந்தி எடுத்தான். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் வைத்தார்கள். தப்பித்தான்.

அந்த மாஸ்டருக்குத் திறமை இல்லையென்று சொல்ல மாட்டேன். மாநில அளவில் பதக்கம் வாங்கியவர். சுவரில் படமும் இருக்கிறது. ஆனால் தலையில் அடிபட்டுக் குழம்பி நிற்கும் பிள்ளையை அன்றைக்கு மறுபடி ஆட விடக்கூடாது என்பது அவருக்குத் தெரியவில்லை. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சு குழறல், இதில் ஏதாவது இருந்தால் நேராக மருத்துவமனை. இது பயிற்சி எடுத்த யாருக்கும் முதல் பாடம்.

ஆகவே நான் கேட்கும் பின்னணி ஒன்றுதான்: முதலுதவி கற்றிருக்கிறாரா? பெட்டி எங்கே? திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் திறந்து பார்த்தேன். உள்ளே பேட்டரியும் பிங் பாங் பந்தும் இருந்தன.

பால்மரத்து நிழல் | ஞாயிறு, இரவு 8.50

சிஸ், பையன் நன்றாக இருக்கிறானா இப்போது?

வார்டு நர்ஸ் | ஞாயிறு, இரவு 8.52

நன்றாக இருக்கிறான் அண்ணே. பூப்பந்து ஆடுகிறான். 🙏

டோஜாங் தம்பி | ஞாயிறு, இரவு 11.30

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தெக்குவாண்டோ என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். கொரியத் தூதராக 1960களின் தொடக்கத்தில் இங்கே இருந்த ஜெனரல் சோய் ஹாங் ஹி வழியாகத்தான் இது மலேசியாவுக்கு வந்தது. 1966ல் அவர் தொடங்கிய ஐ.டி.எஃப் என்ற உலகத் தெக்குவாண்டோ அமைப்பில் மலேசியாவும் தொடக்க நாடுகளில் ஒன்று. 1973ல் வந்தது இன்னொரு அமைப்பு, இப்போது ஒலிம்பிக்கில் இருப்பது அதுதான். ஒலிம்பிக் முறையில் முகத்தில் கையால் குத்தக் கூடாது, உடம்பில் கவசம் போடுவார்கள். ஐ.டி.எஃப்பில் கையுறையோடு முகத்தில் குத்தலாம். 2002ல் சோய் இறந்த பிறகு ஐ.டி.எஃப் என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று அமைப்புகள். எனவே ‘ஐ.டி.எஃப் சான்றிதழ்’ என்றால், எந்த ஐ.டி.எஃப் என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும். பிள்ளை நாளைக்கு சுக்மா மாதிரி மாநிலங்களுக்கு இடையிலான போட்டி, பள்ளிப் போட்டி என்று போக ஆசைப்பட்டால் இது முக்கியம். ஆசை இல்லையென்றால் விடுங்கள்.

கராத்தே இன்னும் சிக்கல். ஒவ்வொரு பாணிக்கும் ஒரு தலைமை, ஒவ்வொரு தலைமைக்கும் ஒரு சான்றிதழ். அதில் நான் வாய் வைக்கவில்லை.

ரெபரி அக்கா | திங்கள், மதியம் 1.10

வேலை இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிலம்பத்தில் நடுவர், பதினெட்டு வருடமாகப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். என் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன், அதுதானே தலைப்பு. தோட்டத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். அண்ணன் கற்கும்போது நான் அண்டாவைக் கழுவுகிறேன் என்று போய் உட்கார்ந்து பார்ப்பேன். வீட்டில் விளக்குமாற்றுக் கட்டையில் பழகினேன். ஒருநாள் ஆசான் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். “கட்டையைப் பிடிக்கிற பிடி தப்பு, நாளைலேர்ந்து வா” என்றார். அவ்வளவுதான் எனக்குப் பட்டமளிப்பு விழா.

ஆனாலும் நிழல் அண்ணன் சொல்வதில் பாதியை நான் ஏற்க மாட்டேன். கற்றவர் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கத் தெரியாது. எனக்கே தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு முழங்கால் எவ்வளவு தாங்கும், வெயிலில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் என் ஆசான் சொல்லித்தரவில்லை. தாகம் என்று கேட்டால் இன்னும் இருபது சுற்று என்பார். நாட்டில் எஸ்.பி.கே.கே என்று பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் இருக்கிறது, மூன்று நிலை. விளையாட்டு அறிவியல் ஒரு பக்கம், அந்தந்த விளையாட்டின் நுட்பம் ஒரு பக்கம். முதல் நிலை முடித்துவிட்டு வந்தபோது, முன்னால் என்னிடம் படித்த பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. ‘லெசன் (பயிற்றுநர் லைசன்ஸ்) இருக்கா?’ என்று கேளுங்கள். இல்லையென்றால் குற்றம் இல்லை, போகும் எண்ணமாவது இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்பாக நடத்தினால் 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி பெசுருஹ்ஜாயா சுக்கான் (விளையாட்டு ஆணையர்) அலுவலகத்தில் பதிவு இருக்க வேண்டும். அதையும் கேட்கலாம்.

இன்னொன்று. யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். ஒன்பது வயதுப் பெண் பிள்ளை. தொட்டுத் திருத்தும் கலை இது. உடுப்பு மாற்ற இடம் எங்கே? வகுப்பு முடிந்து கடைசிப் பிள்ளையை யார் வீட்டில் விடுவது, தனியாக மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகிறாரா? பிள்ளையின் கைப்பேசிக்கு இரவில் செய்தி அனுப்பும் பழக்கம் உண்டா? பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொன்னால், மறுபேச்சில்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். 2017ல் வந்த சிறுவர் பாலியல் குற்றச் சட்டத்தில் நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவர் குற்றம் செய்தால் தண்டனை கூடும், அந்தப் பட்டியலில் பயிற்றுநரும் உண்டு. பிள்ளைகளோடு வேலை செய்ய ஆள் எடுப்பவர்கள் ஜே.கே.எம் (சமூக நலத் துறை) வழியாக, சிறுவர்களுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவரா என்று பெயரைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. வகுப்பு நடத்துபவரிடம், “உங்கள் உதவியாளர்களுக்கு அதைச் செய்தீர்களா?” என்று கேளுங்கள். நல்லவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பால்மரத்து நிழல் | திங்கள், மாலை 5.30

பெண் பிள்ளை விஷயத்தில் அக்கா சொன்னது நூறு சதவீதம் சரி. லைசன்ஸ் விஷயத்தில் ஒரு மனத்தாங்கல். எழுபது வயது ஆசானை மலாயில் ஸ்லைடு காட்டும் வகுப்பில் மூன்று நாள் உட்கார வைத்தால் அவருக்கு என்ன புரியும்? ஒரே நாளில் எழுந்து வந்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவரைவிடச் சுத்தமாகத் துலுக்காணம் என்ற சிலம்ப வகையை வீசுபவரை நான் பார்த்ததில்லை. இப்போது பள்ளியில் அவரை விட மாட்டார்கள். யூடியூப்பில் பார்த்து அலங்கார வீச்சு கற்ற பையன் லைசன்ஸோடு உள்ளே போகிறான்.

ரெபரி அக்கா | திங்கள், இரவு 9.00

அந்த ஆசானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க ஒரு சீடனும் இல்லையா? என் ஆசானுக்கு நான் உட்கார்ந்தேன். முணுமுணுத்துக்கொண்டே மூன்று நாளும் இருந்தார். கடைசி நாள் ‘ஐஸ் வைக்கிற பாடம் நல்லாருந்துச்சு’ என்றார்.

ஓய்வு வாத்தியார் | திங்கள், இரவு 9.25

ஹா ஹா. நிழல் தம்பிக்கு இனி பதில் இருக்காது.

பால்மரத்து நிழல் | திங்கள், இரவு 9.31

இருக்கிறது சார், ஆனால் சொல்ல மாட்டேன்.

இரண்டு பிள்ளை அப்பா | வியாழன், இரவு 10.45

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடத்துக்கும் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாடி. டோஜாங் தம்பி சொன்ன கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சான்றிதழ்களைப் படித்தேன். குக்கிவோன் சான்றிதழ் ஒன்று இருந்தது, 3ஆம் டான். மற்றதெல்லாம் பங்கேற்புச் சான்றிதழ், கருத்தரங்கு, ஒன்று இரத்த தானம். 7ஆம் டான் எங்கே என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, அது தாங்கள் சேர்ந்திருக்கும் வேறொரு சம்மேளனம் கொடுத்தது, “மார்க்கெட்டிங்குக்குப் போட்டது பிரதர்” என்றார். கோபப்படவில்லை. அந்த நேர்மைக்கு ஒரு மார்க். அப்புறம் வகுப்பு முழுக்க அவர் ஓரத்தில் காணொளி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கேளுங்கள், சொல்லிக்கொடுத்தது அவர் இல்லை. இருபத்திரண்டு வயது இருக்கும், ஒரு சீனப் பெண். ஒரு குட்டிப் பையன் உதைக்கும்போது நிற்கும் கால் திரும்பவில்லை. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, அவன் குதிகாலுக்குக் கீழே ஒரு நாணயத்தை வைத்து, “இதை நசுக்காதே, சுத்து” என்று மலாயில் சொன்னாள். நாலாவது உதையில் கால் திரும்பியது. அந்த நாணயத்தை அவனுக்கே கொடுத்துவிட்டாள். முதலுதவிப் பெட்டியை நான் கேட்பதற்குள் அவளே காட்டினாள். ஐஸ் பாக்கெட் சில்லென்று இருந்தது. பேனரில் அவள் படம் இல்லை.

நேற்று கொட்டகை. பெரிய வாத்தியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி போல. உட்கார்ந்த இடத்திலிருந்தே, பார்க்காமல், கம்பு காற்றை அறுக்கும் சத்தத்தை வைத்தே, “மூணாவது ஆளு, மணிக்கட்டு” என்கிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவரோடு இருக்கும் அந்தப் பெண், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், பொறுமைசாலி. அந்த இளைஞர்தான் உறுத்தல். காலடி தப்பினால் கம்பு நுனியால் கெண்டைக்காலில் ஒரு தட்டு. பலமாக இல்லை. ஆனால் ஒரு பையன் அடி விழும் முன்பே காலைச் சுருக்கிக்கொள்வதைப் பார்த்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. சிமெண்டுத் தரையில் ஒரு மூலை பாசி பிடித்து வழுக்குகிறது. முதலுதவிப் பெட்டி இல்லை. கோவில் மஞ்சள்தூள் இருக்கிறது என்றார்கள்.

வகுப்பு முடிந்ததும் பெரியவரிடம் உங்கள் ஆசான் யார் என்று கேட்டேன். சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டினார். பெயர், தோட்டம், அவருடைய ஆசான் பெயர், எல்லாம் நிழல் அண்ணன் சொன்ன மாதிரியே வந்தது. பிறகு கேட்காமலேயே ஒன்று சொன்னார். அப்படியே எழுதுகிறேன்: “ஆறு வருஷம் படிச்சேன் தம்பி. அதுக்குள்ள அவரு பால் மரத்துல விழுந்த இடிக்குப் போயிட்டாரு. குத்துவரிசை எனக்கு முழுசா வராது. சுருள் வாள் வரவே வராது. யாராவது அது வேணும்னு வந்தா ஈப்போவுக்கு ஒருத்தர்கிட்ட அனுப்பிருவேன்.”

இளைஞரைப் பற்றியும் சொன்னேன், தயங்கித்தான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான் அவனை அப்படித்தான் தட்டினேன்” என்றார்.

வார்டு நர்ஸ் | வியாழன், இரவு 11.05

அந்த சீனப் பெண்ணிடம் சேருங்கள்.

ஓய்வு வாத்தியார் | வெள்ளி, காலை 7.15

தனக்கு எது வராது என்று கேட்காமலேயே சொல்லும் வாத்தியாரை என் 34 வருடத்தில் இரண்டு பேர்தான் பார்த்திருக்கிறேன். அதில் நான் சேர்த்தியில்லை.

ரெபரி அக்கா | வெள்ளி, காலை 7.50

தட்டுவது நிற்க வேண்டும். அதில் பேரம் கிடையாது. அந்தக் கொட்டகை எது என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. தனிச்செய்தியில் சொல்லுங்கள். முதலுதவிப் பெட்டி ஒன்று என்னிடம் உபரியாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன். தம்பியிடமும் நானே பேசுகிறேன். அவனுக்கு அடுத்த பயிற்றுநர் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிடலாம்.

லிந்தாங் பையன் | வெள்ளி, மதியம் 12.40

பாசியைத் தேய்க்க நான் வருகிறேன். குளோரோக்ஸ் ஒரு பாட்டில் போதும். அண்ணே, கடைசியில் எங்கே சேர்த்தீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

இரண்டு பிள்ளை அப்பா | சனி, இரவு 9.10

பிள்ளைகளையே கேட்டேன். மகனுக்கு அந்த நாணயத்து அக்கா வேண்டுமாம். மகள் கொட்டகை என்றாள். பெரியவர் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தது மந்திரம் போல இருந்ததாம். ஆக இரண்டு இடத்துக்கும் காசு. இரண்டு இடத்திலும் முதல் ஒரு மாதம் நான் உட்கார்ந்து பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன், யாரும் மறுக்கவில்லை. இன்றைக்கு மகளின் முதல் வகுப்பு முடிந்தது. இளைஞர் கையில் கம்பு இல்லை, சுண்ணாம்புக் கட்டி இருந்தது. தரையில் பாதம் வரைந்து, அதில் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தார். முகம் கொஞ்சம் உம்மென்றுதான் இருந்தது.

ஒரு கடைசிச் சந்தேகம். கம்பு என்ன உயரத்துக்கு வாங்க வேண்டும்?

பால்மரத்து நிழல் | சனி, இரவு 9.22

நிமிர்ந்து நின்றால் புருவ மட்டம். பிரம்பு, கணு நெருக்கமாக இருக்க வேண்டும், வளைத்தால் திரும்பி நிமிர வேண்டும். ஆனால் இப்போதே வாங்காதீர்கள். முதல் மூன்று மாதம் காலடிதான். கம்பு வீட்டில் இருந்தால் சும்மா இருக்க மாட்டார்கள்.

இரண்டு பிள்ளை அப்பா | சனி, இரவு 9.26

மத்தியானமே வாங்கிவிட்டேன் அண்ணே. வரவேற்பறை விளக்கு போய்விட்டது. மனைவிக்கு இன்னும் தெரியாது.